ஏட்டில் ‘ஓட்டம்’ என்றிருந்தால் ஓடினாள் என்று பொருளா?

கேள்வி: அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கேட்டை இணையத்தில் புரட்டினேன். பெயரும் எண்ணும்தான் இருக்கின்றன. இதை வைத்து அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கையை எப்படி அறிவது?

பதில்: ஒரே பெயரைப் பக்கம் பக்கமாகத் துரத்த வேண்டும். வர்ஜீனியாவின் மாண்டிசெல்லோ பண்ணைக்காக 1774இல் தொடங்கிய ஏடு அது. ஆள் கணக்கு, ரொட்டி, துணி, கம்பளி என்று பட்டியல்கள் சிதறிக் கிடக்கும். ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பட்டியல், பக்கத்தில் யார் பெயர் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பெயரை ஒட்டி நிற்கும் ‘73’ என்பது 1773, பிறந்த ஆண்டு. அதையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஆள் மாறாது.

கம்பளி மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் கிடைத்தது. ஓராண்டுப் பட்டியலில் காணோம் என்றதும் ஆளைச் சாகடித்துவிடாதீர்கள்!

தாய் பெயருக்குக் கீழே பிள்ளைகள் வருவார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது 1662 முதல் வர்ஜீனியச் சட்டம். கணக்குக்குத் தாய் தெரிந்தால் போதும். எனவே தகப்பன் பெயர் இல்லாததை வைத்து, தகப்பன் குடும்பத்தோடு வாழவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

குறிப்புச் சொற்களையும் அப்படியே நம்பக் கூடாது. மாண்டிசெல்லோவில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகள் ஹாரியட், 1801இல் பிறந்தவர். அவர் பெயருக்கு எதிரே ‘ஓட்டம், 22’, அதாவது 1822இல் ஓடிப்போனார் என்றிருக்கிறது. ஆனால் ஜெஃபர்சனின் உத்தரவுப்படி பிலடெல்பியாவுக்கு வண்டிக் கூலியும் 50 டாலரும் கொடுத்து அனுப்பியதே தான்தான் என்று பண்ணைக் கங்காணி எட்மண்ட் பேக்கன் பின்னாளில் சொன்னார். ஏடு எழுதியது முதலாளி கை. வெளிச் சான்று ஒன்றாவது பக்கத்தில் இல்லாமல் அதைப் படிக்காதீர்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட ஏடே கிடைக்காத குடும்பங்கள்?

பதில்: பின்னாலிருந்து வர வேண்டும். அமெரிக்க அரசு எடுத்த 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில்தான். அங்கே குடும்பத்தைப் பிடித்து, விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அரசு 1865இல் அமைத்த விடுதலையானோர் நலத்துறையின் (Freedmen's Bureau) கூலி ஒப்பந்தங்களைப் பாருங்கள். அவற்றில் பழைய முதலாளியே மறுபடி எதிர்ப்படுவதுண்டு. கிடைத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அவர் குடும்பத்தின் உயில், சொத்து மதிப்புப் பட்டியல். மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே மனிதர் பெயரும் விலையும் இருக்கும். குடும்பப் பெயரை மட்டும் நம்பி முதலாளியைத் தேடினால் வழி தவறும். பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.