கமிஷனருக்கு ஓட்டுப் போடுவது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கவென்ட்ரியில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். இன்னும் இந்தியக் குடிமகன்தான்; ஆனால் காமன்வெல்த் நாட்டவன் என்பதால் இங்கே உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை உண்டு. 2024 மே மாதம் வாக்குச்சாவடிக்குப் போனபோது மேயருக்கு ஒரு சீட்டு, ‘காவல் மற்றும் குற்ற ஆணையர்’ பதவிக்கு இன்னொரு சீட்டு என்று கொடுத்தார்கள். நம் ஊரில் கமிஷனர் என்றால் ஐ.பி.எஸ். அதிகாரி. போலீஸ் அதிகாரியையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று திகைத்து, தெரிந்த கட்சியின் சின்னத்தைப் பார்த்துக் குறியிட்டுவிட்டு வந்தேன். இப்போது அந்தப் பதவியையே ஒழிக்கப் போகிறார்கள் என்கிறது செய்தி. அந்த ஆணையர் செய்கிற வேலை என்ன? மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் காவல்துறையைக் கண்காணிப்பது நல்ல ஏற்பாடுதானே, அதை ஏன் கைவிடுகிறார்கள்? தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன?

க., கவென்ட்ரி

அன்புள்ள க.,

உங்கள் திகைப்புக்குப் பாதிக் காரணம் பெயர்தான். நீங்கள் வாக்களித்த ஆணையர் காவல்துறை அதிகாரி அல்லர். அவருக்குச் சீருடை கிடையாது, யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. படைக்குத் தலைவர் சீஃப் கான்ஸ்டபிள் எனப்படும் அதிகாரி. அதைக் கேட்டால் நமக்கு ஏட்டையா நினைவுக்கு வருவார். ஆனால் அங்கே அது ஒரு வட்டாரப் படையின் மிக உயர்ந்த பதவி. லண்டனில் இது தலைகீழ். அங்கே கமிஷனர் என்பவர் உண்மையிலேயே போலீஸ் அதிகாரி. அவரைக் கண்காணிப்பவர் மேயர்.

2012க்கு முன்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு படைக்கும் ஒரு காவல் ஆணையம் இருந்தது. கவுன்சிலர்களும் நியமன உறுப்பினர்களுமாகப் பெரும்பாலும் 17 பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒருவர் பெயரைக்கூடத் தெருவில் போகிறவரால் சொல்ல முடியாது என்பதே அதன் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. குழுவுக்குப் பதிலாக ஒரே ஒரு முகம் இருக்கட்டும், தவறு நடந்தால் மக்கள் அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும் என்ற எண்ணத்தில் அன்றைய கூட்டணி அரசு 2011இல் சட்டம் இயற்றியது. 2012 நவம்பர் 15 அன்று 41 வட்டாரங்களில் முதல் தேர்தல் நடந்தபோது வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். நியூபோர்ட் நகரின் ஒரு வாக்குச்சாவடியில் நாள் முழுவதும் ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை. குளிரும் இருட்டுமான நவம்பரில் தேர்தலை வைத்து, வேட்பாளர் விவரங்களை வீடு வீடாக அனுப்பும் செலவையும் மிச்சப்படுத்திவிட்டு, மக்கள் வரவில்லையே என்று வியந்ததை நான் சற்றுக் கேலியுடன்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆணையரின் அதிகாரம் சிறியதல்ல. வட்டாரத்தின் காவல் மற்றும் குற்றத் திட்டத்தை எழுதுபவர் அவர். படையின் வரவுசெலவுத் திட்டத்தை வகுப்பவரும், உங்கள் கவுன்சில் வரியில் காவல்துறைக்கென்று தனியாகக் காட்டப்படும் தொகையை முன்மொழிபவரும் அவரே. சீஃப் கான்ஸ்டபிளை நியமிக்கவும் இடைநீக்கம் செய்யவும் பதவியிலிருந்து விலகச் சொல்லவும் அவரால் முடியும். காவல் நிலையக் கட்டடங்கள்கூட அவர் பொறுப்பில் இருப்பதால், உங்கள் பகுதியில் ஒரு நிலையத்தை விற்றுவிட்டால் அது அவர் முடிவாகத்தான் இருக்கும். அதிகம் பேசப்படாத இன்னொரு பணியும் உண்டு: குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகளையும், குடும்ப வன்முறைக்கு எதிராகவும் இளைஞர்களின் கத்திக்குத்து வன்முறையைத் தடுக்கவும் உழைக்கும் உள்ளூர்க் குழுக்களையும் தேர்ந்தெடுத்து நிதி கொடுப்பது. இந்தப் பதவி சத்தமில்லாமல் நன்மை செய்த இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

அவர் செய்யக் கூடாதது என்ன என்பதில்தான் சிக்கல். யாரை விசாரிப்பது, யாரைக் கைது செய்வது என்பதில் காவல் அதிகாரி சட்டத்துக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று 1968இல் டென்னிங் பிரபு ஒரு தீர்ப்பில் எழுதிய கருத்து அந்நாட்டில் இன்றும் வேதவாக்குப் போன்றது. ஆகவே வீடு புகுந்து திருடுவதைத் தடுப்பதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஆணையர் திட்டத்தில் எழுதலாம்; இந்தத் தெருவில் இந்த வீட்டைச் சோதனையிடுங்கள் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே பரந்த ஒரு நிலம் இருக்கிறது. ரோந்துக்கு எத்தனை பேர், எந்த வகைப் புகாருக்கு நேரில் வருவது போன்ற கேள்விகள் கொள்கையா, நடைமுறையா என்பதை, ஆணையருக்கும் சீஃப் கான்ஸ்டபிளுக்கும் பொறுப்புகளைப் பிரித்துத் தந்த 2011ஆம் ஆண்டு நெறிமுறை முழுமையாகத் தீர்த்துவைக்கவில்லை. இருவருடைய பக்குவத்தை நம்பி அதை விட்டுவிட்டது.

பக்குவம் இல்லாத இடங்களில் வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2013இல் லிங்கன்ஷயர் ஆணையர் தம் தற்காலிக சீஃப் கான்ஸ்டபிளை இடைநீக்கம் செய்ததை உயர் நீதிமன்றம் அறிவுக்கு ஒவ்வாத முடிவு என்று ரத்து செய்தது. 1989இல் கால்பந்து ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்த ஹில்ஸ்பரோ மைதான மரணங்கள் பற்றிய விசாரணைத் தீர்ப்பு 2016இல் வந்ததை ஒட்டி, தெற்கு யார்க்ஷயர் ஆணையர் தம் படைத் தலைவரை விலகச் சொன்னதும் அடுத்த ஆண்டு சட்டவிரோதம் என்று தீர்ப்பானது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உண்மையான ஓட்டை வேறு. அதே தெற்கு யார்க்ஷயரில், ராதரம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக அலெக்சிஸ் ஜே அறிக்கை 2014 ஆகஸ்டில் சொன்னது. அந்தக் காலத்தில் 2005 முதல் 2010 வரை ராதரம் கவுன்சிலில் குழந்தைகள் நலத்துக்குப் பொறுப்பாக இருந்த ஷான் ரைட்தான் அறிக்கை வந்தபோது காவல் ஆணையர். பிரதமரும் உள்துறை அமைச்சரும் விலகச் சொன்னார்கள், அவருடைய சொந்தக் கட்சி விலகச் சொன்னது. அவர் கட்சியை விட்டாரே தவிரப் பதவியை விடவில்லை. குற்ற வழக்கு ஏதும் இல்லாதபோது ஆணையரை நீக்கும் வழி சட்டத்தில் இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. கவுன்சிலர்கள் அடங்கிய மேற்பார்வைக் குழு ஒன்று உண்டு; மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அது ஆணையர் முன்மொழியும் வரியையும் நியமனத்தையும் ஒருமுறை தடுக்கலாம். அவரையே வெளியேற்ற அதனால் இயலாது. செப்டம்பர் நடுவில் அவராக விலகிய பிறகு நடந்த இடைத்தேர்தலில் 15 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். 2021இல், லண்டன் போலீஸ்காரர் ஒருவர் கைது செய்வதுபோல் நடித்துக் கடத்திக் கொன்ற சாரா எவரார்ட் என்ற பெண்ணைப் பற்றிப் பேசுகையில், பெண்கள் கைதுச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற தொனியில் பேசிய வடக்கு யார்க்ஷயர் ஆணையர் பிலிப் ஆலட் விஷயத்திலும் இதே கதைதான்: குழு ஒருமனதாக நம்பிக்கையில்லை என்றது, அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை, அவராக விலகினார்.

தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு இடையில் கேட்கும் வழியை அடைத்துவைத்தார்கள் என்பதே இதன் மீது எனக்குள்ள குறை. அரசு காட்டுகிற காரணமோ பெரும்பாலும் குறைந்த வாக்குப்பதிவும் செலவும்தான். 2012இல் 12 சுயேச்சைகள் வென்றார்கள், 2016இல் மூவர், 2024இல் ஒருவருமில்லை. ஆகவே நீங்கள் சின்னத்தைப் பார்த்துக் குறியிட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, நாடே அதைத்தான் செய்தது.

2028 மே மாதத்துடன் இந்தப் பதவியை முடித்துக்கொள்வதாக அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. மேயர் இருக்கும் இடங்களில் பொறுப்பு மேயருக்கும், மற்ற இடங்களில் கவுன்சில் தலைவர்கள் அடங்கிய வாரியத்துக்கும் போகும். உங்கள் மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இதை முன்கூட்டியே செய்ய முயன்றார்கள். கலந்தாய்வு முறையாக நடக்கவில்லை என்று 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடுத்ததால்தான் மே மாதம் இரண்டாவது சீட்டு உங்கள் கைக்கு வந்தது. மேயரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. மான்செஸ்டர் பெருநகரில் 2017 முதலே மேயர்தான் பொறுப்பு. அங்கே ஓராண்டில் ஏறத்தாழ 80,000 குற்றங்கள் பதிவு செய்யப்படாமல் போனதை 2020 டிசம்பரில் வெளிப்படுத்தியது மேயர் அலுவலகம் அல்ல, காவல் படைகளை ஆய்வு செய்யும் தனி அமைப்பு. கோப்புகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த, படையின் தயவில் இல்லாத நிபுணர்கள் அதில் இருந்தார்கள்.

தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் மாநிலப் பாதுகாப்பு ஆணையமும், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையமும் வேண்டும் என்றது. தமிழக அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் புகார் ஆணையத்துக்கு மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கியது. அதாவது கேட்பதும் அரசு, பதில் சொல்வதும் அரசு. இதன் மேல் ஒரு தேர்தலைக் கொண்டுவந்து வைத்தால் மாவட்டச் செயலாளர்களுக்கு இன்னொரு நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான். காவல்துறை இந்த ஆண்டு எதற்கு முன்னுரிமை தருகிறது, எவ்வளவு செலவிடுகிறது என்பதை மாவட்டவாரியாக எழுதி வெளியிடுவதையும், அதை வைத்துக்கொண்டு பொது அரங்கில் கேள்வி கேட்பதையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்; இரண்டுக்கும் தேர்தல் தேவையில்லை.

உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த ஆண்டு வரித் தொகையை ஆணையர் ஒவ்வொரு பிப்ரவரி தொடக்கத்திலும் மேற்பார்வைக் குழுவின் முன் வைத்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போகலாம்.