வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய 60,000 ரூபாய்க்குள் எந்தக் கணினி வாங்கலாம்? கேமிங் லேப்டாப் போதுமா?

“கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டால் ஸ்டுடியோவுக்கும் அதுவே தாராளம்” என்று கடைக்காரர் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு பேசாமல் கடந்துபோக மனம் வரவில்லை. என்னிடம் இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக்கணினி. எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதைப் பார்த்துவிட்டு “இதிலா ரெக்கார்டிங் செய்கிறீர்கள்?” என்று கேட்டவர்கள் பலர். அதில் பதிவான குரலைக் கேட்ட பிறகு அப்படிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

நீங்கள் ஒரு குரலும் சுருதியும், மிஞ்சிப்போனால் ஒரு மிருதங்கமோ கிட்டாரோ பதிவு செய்யப் போகிறவர் என்றும், இரண்டு மைக் செருகக்கூடிய, மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி ஒன்றை வாங்கிவிட்டீர்கள் அல்லது வாங்கப் போகிறீர்கள் என்றும், பாடுகிற அறையிலேயே கணினியும் இருக்கும் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இவற்றுள் கடைசியாகச் சொன்னதை எந்தக் கடைக்காரரும் உங்களிடம் கேட்டிருக்கமாட்டார். ஆனால் கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

கும்பகோணம் பக்கத்து ஓதுவார் ஒருவருடைய குரலைப் பதிவு செய்யவேண்டும் என்று அவருடைய மகன் என்னிடம் வந்தார். அப்பாவின் குரல் நன்றாக இருக்கும்போதே அவருக்குத் தெரிந்த பண்களையெல்லாம் பிடித்து வைத்துவிடவேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதற்காகவே கடைக்காரர் பேச்சைக் கேட்டு, விலை உயர்ந்த கேமிங் லேப்டாப் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். பதிவு அதில்தான் நடக்கவேண்டும் என்றும் விரும்பினார். பொருள் அவருடையது, மறுத்துப் பேச எனக்கு என்ன உரிமை? சம்மதித்தேன்.

சித்திரை மாத வெயில். மிக மெல்லிய ஒலியையும் பிடித்துவிடும் கண்டென்சர் மைக் வைத்தால் மின்விசிறியும் ஏசியும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்திவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி ஐயா உட்கார்ந்தார். கொல்லிப் பண்ணில் மெதுவாக எடுத்தார். அறை சூடாக ஆக, லேப்டாப்பின் விசிறி வேகம் எடுக்கத் தொடங்கியது. ஐயா மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வோர் இடைவெளியிலும் “ஸ்ஸ்ஸ்” என்ற இரைச்சல் ஹெட்போனில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரைச்சலை நீக்கப் பிளக்இன்கள் என்னும் துணை மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று சிலர் உடனே எழுதுவீர்கள். இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஒரே சீராக ஓடும் இரைச்சலை அவை நன்றாகவே எடுத்துவிடும். ஏறி இறங்கி ஓடும் விசிறியின் ஒலியை எடுக்கப் போனால், குரல் அடங்கும் இடத்தில் உள்ள மென்மையான வால்பகுதியையும் சேர்த்துத் தின்றுவிடும். பண் பாடுகிறவருக்கு உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்த தொல்லை தாமதம். பாடும்போது அப்பாவுக்குக் கோயில் பிராகாரத்தில் பாடுவதுபோல் எதிரொலியோடு கேட்கவேண்டும் என்று மகன் ஆசைப்பட்டார். அப்படியானால் குரல் இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குள் போய், எதிரொலி சேர்த்துக்கொண்டு, மறுபடி வெளியே வந்து ஹெட்போனை அடையவேண்டும். ஐயா இரண்டு வரி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றி, “தம்பி, எனக்குப் பின்னாலேயே யாரோ பாடிக்கொண்டு வருகிறாரே” என்றார். கணினி ஒலியைத் துளித்துளியாக அல்லாமல் பஃபர் என்னும் தொகுப்புகளாகவே கையாள்கிறது. வினாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடுகள், எடுக்கும் 48,000 ஹெர்ட்ஸ் வேகத்தில் 512 சாம்பிள் கொண்ட ஒரு தொகுப்பு நிறைய ஏறத்தாழ 10.7 மில்லி வினாடி ஆகும். போக ஒரு தொகுப்பு, வர ஒரு தொகுப்பு, அதோடு இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்ந்தால் 20 மில்லி வினாடியைத் தாண்டிவிடும். பாடுகிறவரின் காது அதைக் கண்டுபிடித்துவிடும். 128 சாம்பிளுக்குக் குறைத்தால் ஒரு தொகுப்புக்கு 2.7 மில்லி வினாடிதான்.

குறைத்தேன். குறைத்ததும் பதிவில் ஆங்காங்கே “டப், டப்” என்று வெடிப்புகள் விழுந்தன. இத்தனைக்கும் ப்ராசசர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. இந்த இடத்தில்தான் கடைக்காரரின் கணக்கு தவறுகிறது. கணினி எவ்வளவு வேலை செய்யும் என்பது ஒன்று, 2.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்து ஒலியைக் கவனிக்குமா என்பது வேறொன்று. விண்டோஸில் ஏதேனும் ஒரு டிரைவர் (கணினியின் ஓர் உறுப்பை இயக்கும் மென்பொருள்) சிறிது நேரம் ப்ராசசரை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், அந்தத் தொகுப்பு தவறிப்போய் வெடிப்பாகக் கேட்கும். எந்த டிரைவர் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். வைஃபை டிரைவரும் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரும் பட்டியலின் உச்சியில் இருந்தன. வைஃபையை அணைத்ததும் வெடிப்புகள் பெரும்பாலும் நின்றன. எந்தக் கார்டுக்காகக் கூடுதல் பணம் கொடுத்தாரோ, அது பாட்டுக்கு ஒரு பயனும் தரவில்லை என்பதோடு தொல்லையும் கொடுத்தது.

இதோடு, சார்ஜரைச் செருகினால் பதிவில் “ம்ம்ம்” என்று மெல்லிய ஹம் கேட்டது. அறையில் இருந்த பழைய பிளக்கில் மூன்று துளைகள் இருந்தனவே தவிர எர்த் இணைப்பு இல்லை. சார்ஜரைப் பிடுங்கினால் ஹம் மறைந்தது, ஆனால் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதால் வெடிப்புகள் திரும்பின. வாடகை வீடுகளில் எர்த் போட்டுக் கொடுக்காமல் மூன்று துளை பிளக்கை மட்டும் மாட்டிவைக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கணினியைக் குற்றம் சொல்வதற்கு முன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

கடைசியில் மகனைச் சம்மதிக்கவைத்து என் மேசைக்கணினிக்கு மாறினோம். அது அறைக்குள் இல்லை, எர்த் உள்ள பிளக்கோடு ரேழியில் இருக்கிறது. யூஎஸ்பி 2.0 கேபிளை 5 மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது என்பதால் இன்டர்ஃபேஸும் ரேழியிலேயே இருக்கும். மைக்கின் எக்ஸ்எல்ஆர் கேபிளும் ஹெட்போன் கேபிளும் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போகும், இடுக்கில் பழைய போர்வை. எதிரொலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் பாடுகிறவர் கேட்கும் குரல் கணினியைச் சுற்றி வராமல் இன்டர்ஃபேஸிலிருந்து நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும், பதிவு மட்டும் வழக்கம்போல் கணினியில் நடக்கும், தாமதம் என்ற பேச்சே இல்லை. ஐயா அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் பாடி முடித்தார்.

அந்தப் பொத்தானை லேப்டாப்பிலேயே அழுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அழுத்தியிருந்தால் தாமதம் போயிருக்கும், வைஃபையை அணைத்ததில் வெடிப்பும் ஏறக்குறைய போய்விட்டது. விசிறியை என்ன செய்வது? அதையும் ரேழியில் வைத்திருக்கலாம்தான். அப்படி வைப்பதற்கு விலை உயர்ந்த லேப்டாப் எதற்கு என்பதே என் கேள்வி.

நான் ஆப்பிளின் மேக் கணினிக்கு எதிரி என்று யாரும் முடிவு கட்டிவிடவேண்டாம். அறை ஒன்றுதான், ரேழியோ பக்கத்து அறையோ இல்லை என்றால் நானே மேக்கைத்தான் சொல்வேன். 2020-இல் வந்த எம்1 முதல் மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. எம்4 மேக் மினி 2024-இல் இங்கே 59,900 ரூபாய் விலையில் 16 ஜிபி ரேமோடு அறிமுகமானது. அதில் விசிறி உண்டு என்றாலும் குரல் பதிவின்போது ஓடுவதே தெரியாது. மேக்கில் ஒலிக்கான கோர் ஆடியோ இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவதால், விண்டோஸில்போல் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் அசியோ டிரைவரைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால் மினிக்குத் திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் தனியாக வாங்கவேண்டும், ரேமைப் பின்னால் கூட்டவும் முடியாது. நீங்கள் சொன்ன தொகை அதற்கே போய்விட்டால் மைக்குக்கு என்ன மிஞ்சும்?

பழைய அலுவலகக் கணினி வாங்குவதாக இருந்தால் உங்கள் தொகையில் பாதிகூட ஆகாது. சென்னையில் ரிச்சி தெருவில் இப்படிப்பட்டவை நிறையக் கிடைக்கும். எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதாகவே பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. “ஏழாம் தலைமுறைதான் சார், ஆனாலும் 11 போட்டுத் தருகிறோம்” என்பார்கள், வேண்டாம். ரேம் 16 ஜிபி போதும். கீபோர்டை வைத்துக்கொண்டு வயலின் கூட்டம், தபேலா, புல்லாங்குழல் எல்லாவற்றையும் மென்பொருள் வாத்தியங்களாக வாசிக்கிறவர் என்றால் கதை வேறு. அவருக்கு டைரக்ட் மானிட்டர் பயன்படாது, தாமதத்தைக் குறைக்க வேகமான ப்ராசசரும் 32 ஜிபி ரேமும் பெரிய எஸ்எஸ்டியும் உண்மையாகவே தேவைப்படும். மேலே நான் எழுதியது அவருக்காக அல்ல.

குரல் மட்டும் என்றால் இடமும் அதிகம் பிடிக்காது. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு சுமார் 8.6 எம்பி, ஒரு மணி நேரம் பாடினாலும் 520 எம்பி அளவில்தான் வரும். எனவே 2 டிபி எஸ்எஸ்டிக்குப் போகாமல் 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பிரதி எடுத்துவைக்க வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் கையோடு எடுத்துப்போய், கணினியின் பின்பக்க யூஎஸ்பியில் நேராகச் செருகி, லேட்டன்சிமானைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். முடிவு சிவப்பில் வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் சிவப்பாகவே இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். ஓட்டிப் பார்க்கவே விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.