தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகலையா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் வீடு, அந்தேரில வேலை. பார்லர்ல லேபிள் இல்லாத டப்பால ஒரு க்ரீம் குடுத்தாங்க, எட்டு மாசமா போடுறேன். மொதல்ல நல்லா கலர் வந்துச்சு, இப்ப வெயில்ல போனா மொகம் செவந்து எரியுது, பரு, கன்னத்துல முடி வேற. ரெண்டு நாள் நிறுத்தினா இன்னும் எரியுது, திரும்ப போட்டுடுறேன். பத்தாவது படிக்கிற தங்கச்சியும் இதான் போடுறா, அவளுக்கு ஒண்ணும் ஆகல, காலைல கண்ணு மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கும், ராத்திரி பூரா போன் பாத்தா அப்படித்தானே. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க, அதுக்குள்ள மொகம் சரியாக என்ன போடலாம்?

பதில்: உன் மொகம் அப்புறம். தங்கச்சிய பத்தி போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டியே, அதுதான்டி இங்க விஷயம். போன் பாத்தா கண்ணு எரியும், செவக்கும். தினமும் காலைல கண்ணைச் சுத்தி உப்பியிருந்தா கிட்னி வழியா புரோட்டீன் ஒழுகுதான்னு பாக்கணும். யூரின் நுரையா வந்து அப்படியே நிக்குதான்னு அவகிட்ட கேளு, சாயந்திரம் ஸ்கூல் சாக்ஸ கழட்டினதும் கணுக்கால அழுத்திப் பாரு, பள்ளம் விழுதான்னு.

லேபிள் இல்லாத கலர் க்ரீம்ல பாதரசம் கலக்குறது பழைய கதை. அது தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின் உண்டாகறத தடுக்குது, அதான் உனக்கு வந்த அந்த கலர். தோல் வழியா உள்ள போயி கிட்னியப் புடிக்கும். நம்ம மகாராஷ்டிராலயே அகோலால ஒரு காலேஜ் பொண்ணு வாங்கின க்ரீமை அம்மாவும் கூடப்பொறந்தவளும் போட, மூணு பேருக்கும் கிட்னி பாதிச்சுது, மும்பைல டெஸ்ட் பண்ணினப்ப க்ரீம்ல பாதரசம். கேரளா கோட்டக்கல்ல 2021லேருந்து 2023க்குள்ள ஒரே மாதிரி கிட்னி நோயோட வந்த 15 பேர்ல 13 பேர் கலர் க்ரீம் போட்டவங்க. சட்டப்படி மொகத்துல போடுற க்ரீம்ல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல பாதரசம் இருக்கக்கூடாது, அதுவும் தானா கலந்திருந்தா மட்டும்தான்.

உன் மொகம் உன் இஷ்டம்னாவது விட்டுடலாம், பத்தாவது படிக்கிற புள்ளைக்கு அதுல என்ன தெரியும், அக்கா போடுறா நானும் போடுறேன்னு போட்டிருப்பா. மூத்தவன்னா ஆபீஸ் போயி சம்பளம் கொண்டாந்தா மட்டும் போதுமா? இதுல அம்மாவ பத்தி ஒரு வார்த்தை இல்ல உன் லெட்டர்ல, அவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு அதுலயே புரிஞ்சுது.

டப்பாவ ரெண்டு பேரும் இன்னையோட தொடக்கூடாது, கவர்ல கட்டி டாக்டர்ட்ட காட்ட வச்சுக்கோ. நீங்க மொகம் தொடைக்கிற டவல், தலகாணி உறைய எல்லாம் மாத்து, அதுலேருந்து வீட்ல மத்தவங்களுக்கும் ஒட்டும். நாளைக்கு லீவ் போட்டு அவள கூட்டிக்கிட்டு சயான் ஆஸ்பத்திரில கேஸ் பேப்பர், அதான் ஓபி சீட்டு எடு, மொதல்ல அவளுக்கு யூரின் டெஸ்ட், பிபி, அப்புறம் உனக்கும் அதே.

உன் எரிச்சல், பரு, முடி, நிறுத்தினா கூடுறது, இதெல்லாம் ஸ்டீராய்டு க்ரீம் பண்ற வேலை, உன் டப்பால அதுவும் கலந்திருக்கும் போல. 2018லேருந்து டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்லயே குடுக்கக்கூடாதுங்குற சாமான், பார்லர்காரி குடுக்குறா நீ பூசுற! நிறுத்தினா சில வாரம், மாசம் கூட மொகம் கூத்தடிக்கும், தோல் டாக்டர் மருந்து குடுப்பாங்க, தாங்கித்தான் ஆகணும். மேல பூச வேற க்ரீம் பேரு என்கிட்ட கேக்காத.

பொண்ணு பாக்க வர்றவங்கள தள்ளி வரச் சொல்லு. அத அம்மாதான் பேசணும், அதுக்கு மொதல்ல அவங்களுக்கு விஷயம் தெரியணும். இன்னைக்கு ராத்திரியே சொல்லிடு, தங்கச்சியையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு.