மையத்திலிருந்து வரும் தம்பி எங்கே தங்குவது?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 34 வயது. குடிநோய்க்காக மறுவாழ்வு மையத்தில் முப்பது நாள் இருந்துவிட்டு அடுத்த வாரம் வெளியே வருகிறான். அவன் மனைவி குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் தெருமுனையிலேயே டாஸ்மாக். அப்பாவும் ராத்திரி கொஞ்சம் குடிப்பார். 'தனியா ஒரு மேன்ஷன் ரூம் எடுத்துக் கொடு, பொறுப்பு வரும்' என்கிறார் மாமா. 'பெத்த வீடு இருக்கும்போது வெளியே எதுக்கு' என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?

க., மதுரை

அன்புள்ள க.,

மேன்ஷன் ரூம் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முப்பது நாளில் உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிடும். தூக்கம் வராதது, எரிச்சல், காரணமில்லாத சோர்வு எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். என் பெரியம்மா மகன் இப்படித்தான் மையத்திலிருந்து வந்தார். கறிவிருந்து வைத்தோம், மாடியில் தனி அறை கொடுத்தோம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். அவருக்குப் போக ஓர் இடமில்லை, பேச ஆளில்லை. பன்னிரண்டாம் நாள் குடித்துவிட்டார். அவருக்கு மனவுறுதி இல்லை என்று பேசினோம், நானும் பேசினேன். அப்படிப் பேசியது தப்பு.

அவருக்குத் தேவைப்பட்டது மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் இடம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் 1975-இல் அப்படி ஒன்று தொடங்கியது. பெயர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த பால் மொல்லாயும் உடனிருந்தவர்களும், தாங்கள் தங்கியிருந்த விடுதியை மூடப்போகிறார்கள் என்றதும் அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் கிடையாது. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், எதையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். குடித்தவர் வெளியேற வேண்டும். காலையில் வேலைக்குப் போய், மாலையில் தன்னைப் போன்றவர்களிடமே திரும்பி வருவது, அதுதான் அங்கே வைத்தியம்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வருவது, சில மையங்கள் சிகிச்சைக்குப் பிறகு நடத்தும் 'ஆஃப்டர் கேர்' இல்லங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் முன்னோடி. அங்கே கேளுங்கள். தம்பியின் கவுன்சலரிடமும் கேளுங்கள். 14446 என்ற தேசிய இலவச எண்ணில் உங்கள் பக்கத்து மையங்களைச் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. இப்படிப்பட்ட இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் நாம்தான் தேடியாக வேண்டியிருக்கிறது.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். உங்களை உள்ளே விடாத இடம், போன் பேச விடாத இடம், 'அடிச்சாதான் திருந்துவான்' என்று சொல்லும் இடம் எதுவும் வேண்டாம். தம்பி வேலைக்குப் போய்வர அனுமதி உண்டா? ஒருநாள் குடித்துவிட்டால் என்ன செய்வார்கள்? இந்த இரண்டையும் அவசியம் கேளுங்கள். நடுராத்திரியில் தெருவில் விடுகிற இடமாக இருக்கக் கூடாது.

இல்லம் கிடைக்கவில்லை, பணம் கட்டவும் முடியவில்லை என்றால், சரி, வீடுதான். குடிக்காத சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் அவர்கள் வீட்டில் மூன்று மாதம் இருக்கலாம். டாஸ்மாக் பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. அந்த நேரத்துக்குள்தான் அவன் நாளைப் பிரித்துப் போட வேண்டும்: வேலை, சாயங்காலம் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், துணைக்கு ஓர் ஆள். நீங்களும் அம்மாவும் அல்-அனான் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், அது குடும்பத்தாருக்கானது.

அப்புறம் அப்பா. அவர் குடிக்கிற வீட்டுக்குத் தம்பி திரும்பக் கூடாது. 'நிறுத்துங்கள்' என்று கேட்கத் தயக்கமாக இருந்தால், 'அவன் இருக்கும்வரை வீட்டுக்குள் பாட்டில் வேண்டாம், குடித்துவிட்டும் வர வேண்டாம்' என்றாவது கேளுங்கள். அம்மா கேட்கமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். தம்பி வந்த பிறகு அவன் எதிரில் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. இந்த வாரமே பேசிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.