காரில் இருட்டினால் தானே எரிய வேண்டிய ஆட்டோ ஹெட்லைட் சில நாள் நடுப்பகலில் எரிகிறது, சில நாள் இருட்டிய பிறகும் எரிவதில்லை. வெளிச்சத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிடலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அதிகமாகத் தொந்தரவு தருவது பகலில் எரிவதா, இருட்டில் எரியாததா என்று முதலில் கவனியுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

சென்சாரை ஏதாவது மறைத்தால், சுற்றிலும் இருட்டிவிட்டது என்று நினைத்து அது விளக்கைச் சீக்கிரமே போடும். சில கார்களில் அது டாஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டிச் சின்னக் கறுப்புக் குமிழாக இருக்கும். அதன் மேல் விரிப்போ காகிதமோ கிடந்தால் போதும், பகலிலேயே எரியும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு பிலிமும் இதைச் செய்யும். ஆனால் அழுக்கால் விளக்கு தாமதமாக எரியாது. தாமதம் என்றால் முதலில் செட்டிங்ஸ் மெனுவில் சென்சிட்டிவிட்டி குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தாமதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டதுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு மர நிழலுக்கும் விளக்கு எரிந்து அணையும்.

என் கதை வேறு மாதிரி. முன்கண்ணாடியை மாற்றிய சில நாளில் உச்சி வெயிலில் ஹெட்லைட் எரிய ஆரம்பித்தது. மழையே இல்லாமல் வைப்பரும் ஓடியது. அது தனிக் கோளாறு என்று நானே முடிவு செய்துகொண்டேன்! என் காரில் மழை சென்சாரும் ஒளி சென்சாரும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அதை முன்கண்ணாடியோடு ஒட்டும் ஜெல்லில் காற்றுக் குமிழிகள் நின்றுவிட்டன. சென்சார் அதை மழைத்துளி என்று எடுத்துக்கொண்டு வைப்பரை ஓட்ட, வைப்பர் ஓடினால் விளக்கும் எரிய வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி விளக்கு எரிந்திருக்கிறது. புது ஜெல் பேடு வைத்ததும் இரண்டும் நின்றன. ஒளி சென்சார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பகலில் எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சை ஆட்டோவில் வைத்து, வைப்பரை அணைத்துவிடுங்கள். தடித்த கறுப்புத் துணியை மடித்துச் சென்சாரை மூடி அரை நிமிடம் காத்திருங்கள். (கையால் மூடினால் விரலிடுக்கில் வெளிச்சம் புகும்.) விளக்கு எரிந்தால் சென்சாரும் வயரிங்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. எரியாவிட்டால் சுவிட்சைத் திருப்பிக் கையால் போட்டுப் பாருங்கள். அப்போதும் எரியவில்லையா? ஃபியூஸ், ரிலே, பல்பு பக்கம் போங்கள். கையால் போட்டால் எரிகிறது என்றால் சென்சாரின் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்கேனரில் அதன் அளவைக் காட்டச் சொல்லுங்கள். மூடித் திறக்கும்போது எண் மாறவே இல்லை என்றால்தான் புது சென்சாருக்குக் காசு கொடுக்கலாம்.

இன்னொன்று, காலைப் பனிமூட்டத்தில் எரியவில்லை என்றால் அது கோளாறே அல்ல. மூட்டம் எவ்வளவு அடர்ந்தாலும் வானம் வெளுத்திருந்தால் சென்சாருக்குப் பகல்தான். முன்னால் பகலிலும் தானே எரியும் பகல் விளக்கு (DRL) எரிவதைப் பார்த்து எல்லாம் எரிகிறது என்று இருந்துவிடுவோம். பல கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. பனியில் சுவிட்சை நீங்களே திருப்பிவிடுங்கள்.