இபிஎப் காசை எடுத்து போக்கிமோன் பாக்ஸ் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல மண்டோர், வயசு 33, ஒரே பொண்ணு, ஒன்னாம் வகுப்பு படிக்குது. இபிஎப் சேமநிதியில, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்ங்குற பிளெக்சிபல் கணக்குல 6,000 வெள்ளி கிட்ட இருக்கு. ஈப்போவுல இருக்க என் மச்சான் போக்கிமோன் கார்டு, அதான் பசங்க விளையாடி சேர்க்குற படக் கார்டு, யாவாரம் பண்றாரு. புது செட் லிமிடெட்டா வருது, கார்டு பாக்கெட்டுங்க அடுக்குன பாக்ஸ பிரிக்காம வாங்கி வெச்சா பத்து வருஷத்துல நாலு மடங்கு ஆகும், பொண்ணு படிப்புக்கு ஆகும்லன்னு சொல்றாரு. எடுத்துப் போடலாமா? அதோட நான் சின்ன வயசுல சேர்த்த பழைய கார்டு ஒரு பிஸ்கட் டின் நெறைய கெடக்கு, அதுக்கு ஏதாச்சும் கெடைக்குமா?

பதில்: தம்பி, மொத கேள்விக்கு வேணாம்னுதான் சொல்வேன். ரெண்டாவது கேள்விக்கு, டின்ன தூக்கிப் போட்டுறாதீங்க, கடைசியில வரேன்.

உங்க மச்சான் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. பழைய கார்டுங்க அந்த மாதிரி ஏறுனது நெசம்தான், ஆனா ஏன் ஏறுச்சுன்னு பாக்காம விலைய மட்டும் பாத்தா மாட்டிக்குவோம். அமெரிக்காவுல டாப்ஸ்னு ஒரு கம்பெனி 1952ல பேஸ்பால் ஆட்டக்காரங்க படம் போட்ட கார்டு போட்டான், சீசன் முடியுற நேரத்துல வந்த கடைசி பேட்ச் விக்கல, வருஷக்கணக்கா குடோன்ல கெடந்துச்சு, 1960ல இடம் அடைக்குதுன்னு பெட்டி பெட்டியா படகுல ஏத்தி அட்லாண்டிக் கடல்ல கொட்டிட்டாங்க, அந்த வேலைய செஞ்ச கம்பெனி ஆளே பின்னாடி சொன்ன கதை இது. அந்த பேட்ச்ல இருந்த மிக்கி மாண்டில்ங்குற ஆட்டக்காரரோட கார்டு, நல்ல நிலைமையில இருந்த ஒன்னு, 2022 ஆகஸ்ட்ல 12.6 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போச்சு. விஷயம் என்னன்னா அத யாரும் சேர்த்து வைக்கணும்னு நெனைக்கல. கம்பெனி கடல்ல கொட்டுச்சு, பசங்க சைக்கிள் சக்கரத்துல சொருகி ஓட்டுனானுங்க, அம்மாக்காரங்க வீட்ட கூட்டறப்ப குப்பையில போட்டாங்க. அதெல்லாம் போக மிஞ்சுனதுதான் இன்னிக்கு விலை.

இந்த மாதிரி பழைய கார்டு விலையெல்லாம் கேள்விப்பட்டு 80கள் கடைசியில பெரியவங்க உள்ள வந்தாங்க, இனி நம்ம பிள்ளைங்களுக்கு இதுதான் சேமிப்புன்னு பெட்டி பெட்டியா வாங்கி பிளாஸ்டிக் போட்டு அடுக்குனாங்க. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா, கேக்குற அளவுக்கு அச்சடிச்சு தள்ளிட்டான். அடிச்சதும் எக்கச்சக்கம், ஒன்னு கூட குப்பைக்கும் போகல. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தக் காலத்து பேக்குல நெறைய இன்னிக்கும் அப்ப வித்த விலை கிட்டவேதான் நிக்குது, பணவீக்கத்த கணக்கு போட்டா நட்டம். அந்தக் காலத்துக்கே அங்க ஜங்க் வேக்ஸ்னு, அதாவது குப்பைக் கார்டு காலம்னு, பேர் வெச்சிட்டாங்க.

நம்ம ஊர்ல மூசாங் கிங் டுரியான் விலை ஏறுனதும் ஆளாளுக்கு நட்டாங்கல்ல, அதே கூத்துதான், என்ன ஒன்னு, டுரியான் மரம் காய்க்க அஞ்சாறு வருஷமாவது ஆகும், கார்டு மெஷினுக்கு சில மாசம் போதும்.

இப்ப போக்கிமோனுக்கு வருவோம். இங்லீஷ் பேஸ் செட் 1999 ஜனவரியில வந்துச்சு, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி போட்டது. அதுல சாரிசார்ட்ங்குற டிராகன் மாதிரி போக்கிமோன் கார்ட எடுத்துக்குங்க, ஒரே படம், ஒரே நம்பர் 4/102, விளையாடுறதுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது, ஆனா மொத அச்சுல படத்துக்கு கீழ இடது பக்கம் சின்னதா ஒரு முத்திரை இருக்கும், அதுதான் பர்ஸ்ட் எடிஷன். அடுத்த அச்சுல முத்திரை இல்ல, ஆனா படச் சட்டத்துக்கு வலது பக்கம் நிழலும் இல்ல, அத ஷேடோலெஸ்ம்பாங்க. அதுக்கப்புறம் அடிச்சதுல நிழல் வந்துருச்சு, அது அன்லிமிடெட், அதத்தான் ரொம்ப அடிச்சாங்க. கார்டு நிலைமைய பாத்து 10 வரைக்கும் மார்க் போடுற கம்பெனி பிஎஸ்ஏ, அதுக்கிட்ட 10 வாங்குன பர்ஸ்ட் எடிஷன் ஒன்னு 2022 மார்ச்ல 420,000 அமெரிக்க டாலருக்கு போச்சு, அன்லிமிடெட்ல கொஞ்சம் கீறல் இருந்தா சில நூறு டாலர்தான். பர்ஸ்ட் எடிஷன்லயும் பிஎஸ்ஏ 10 வாங்குனது உலகத்துலேயே நூத்திச்சொச்சம்தான், ஏன்னா அப்ப அது கையில வெச்சி விளையாடுற சாமான், மூலை மடங்காம இருந்தா அதிசயம்.

அப்ப அச்சு கம்மியா இருந்தா மட்டும் போதாது, நல்ல நிலைமையில எத்தன மிஞ்சுச்சு, அத எத்தன பேர் தேடுறான், மூனையும் சேர்த்துப் பாக்கணும். நூறே நூறு காப்பி அடிச்ச கார்டு, ஆனா கேக்க ஆளில்ல, அப்ப அது வெறும் அட்டைதான்.

இன்னிக்கு நெலவரம் என்ன தெரியுமா, போக்கிமோன் கம்பெனி சொன்ன கணக்குப்படி 2024 மார்ச்சோட முடிஞ்ச ஒரே வருஷத்துல மட்டும் 11.9 பில்லியன் கார்டு அடிச்சிருக்காங்க, ஆரம்பத்துல இருந்து அதுவரைக்கும் மொத்தமே 64.8 பில்லியன்தான். கிட்டத்தட்ட முப்பது வருஷத்து அச்சுல ஆறுல ஒரு பங்குக்கும் மேல அந்த ஒரே வருஷம்! ஒவ்வொரு செட்டும் தனித்தனியா எவ்வளவு அடிச்சோம்னு அவங்க சொல்றதில்ல, அதனால லிமிடெட்ங்குற வார்த்தைக்கு பின்னாடி நம்பர் ஒன்னும் கெடையாது. 2021லயும் சரி, 2025 ஜனவரியில பிரிஸ்மாட்டிக் எவலூஷன்ஸ்ங்குற செட் வந்து கடைங்கள்ல காலியானப்பவும் சரி, கம்பெனியே இன்னும் அடிக்கிறோம்னு அறிவிச்சது. நீங்க கட்டுன விலைக்கு கேரண்டி கொடுக்குறதுக்கா அவன் மெஷின் வாங்கி வெச்சிருக்கான்?

அச்சடிக்கிறவன் மனசு வெச்சா பழைய கார்டு விலையும் எறங்கும். மேஜிக் தி கேதரிங்னு இன்னொரு கார்டு விளையாட்டு, அதுல 1995ல குரோனிக்கல்ஸ்னு பழசெல்லாம் திருப்பி அடிச்சாங்க, வெச்சிருந்தவங்க விலை அடி வாங்குச்சு, கத்து கத்துன்னு கத்துனாங்க, அதனால 1996ல இந்தக் கார்டுங்கள இனி திருப்பி அடிக்க மாட்டோம்னு ஒரு லிஸ்ட் போட்டு வாக்கு கொடுத்தாங்க. போக்கிமோன்ல அந்த மாதிரி லிஸ்ட் எதுவும் இல்ல.

புதுசுல ஒன்னுமே ஏறாதுன்னும் சொல்ல முடியாது. 2021ல வந்த எவால்விங் ஸ்கைஸ் பாக்ஸ் நல்லா ஏறுச்சு, அதுல இருக்க அம்ப்ரியான்ங்குற போக்கிமோன் கார்டுக்காக ஆளுங்க இன்னும் அலையுறாங்க. ஆனா அதே வருஷம் வந்த மத்த செட்டெல்லாம் அப்படி ஏறல, எது ஏறும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா உங்க மச்சான் உங்களுக்கு விக்க மாட்டாரு, தானே வெச்சிக்குவாரு. கோவிச்சிக்காதீங்க, விக்கிறவங்க கிட்டயே வாங்கலாமான்னு கேட்டா என்ன பதில் வரும்.

இப்ப காசுக் கணக்கு. இபிஎப் 2023க்கு 5.5 சதவீதம் கொடுத்துச்சு, 2024க்கு 6.3, பிளெக்சிபல் கணக்குக்கும் அதே வட்டிதான். கொறைச்சலா 5.5ன்னே வெச்சிக்குங்க, 6,000 வெள்ளி பத்து வருஷத்துல 10,250 கிட்ட ஆகும், நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். பாக்ஸ் ஒன்னு 700 வெள்ளின்னு வெச்சிக்குவோம், விக்கிறப்ப ஆன்லைன் கமிஷன், கூரியர், பேரம் எல்லாம் சேர்த்து ஒரு 10 சதவீதம் போகும்னா அந்த 700 வெள்ளி பாக்ஸ பத்து வருஷம் கழிச்சு 1,330 வெள்ளிக்கு வித்தாத்தான் இபிஎப்போட சமம், லாபம் அதுக்கு மேலதான். அதுவும் எட்டு பாக்ஸையும் கரையான், தண்ணி ஒழுகல், பூஞ்சை படாம, பிளாஸ்டிக் உறை கிழியாம காப்பாத்தணும், தகரக் கூரை வீட்டுல மத்தியானச் சூட்டுல அலமாரிக்கு மேல வெச்சீங்கன்னா பளபளன்னு மின்னுற பாயில் கார்டெல்லாம் வளைஞ்சிரும். விக்க ஆளும் வேணும்ல, சுங்கை சிப்புட் டவுன்ல யாரு 1,330 வெள்ளி கொடுத்து பாக்ஸ் வாங்குவா, ஈப்போ இல்ல கேஎல் போகணும், கடைக்காரன் மார்க்கெட் விலைக்கு வாங்கமாட்டான், அவனுக்கு லாபம் வேணும்ல.

பொண்ணு படிப்புதான் நோக்கம்னா இன்னொரு வழி இருக்கு, யாரும் சொல்றதில்ல. பிளெக்சிபல்ல இருக்க காச இபிஎப்லயே இருக்க செஜாத்தெரா கணக்குக்கு மாத்தலாம், பிள்ளைங்க காலேஜ் படிப்புக்கு அதுலேர்ந்து எடுக்க விடுவாங்க. திருப்பி பிளெக்சிபலுக்கு கொண்டு வர முடியாது, அதனால ஆத்திர அவசரத்துக்கு ஒரு ரெண்டாயிரத்த அங்கயே விட்டுட்டு மிச்சத்த மாத்துங்க. கார்டு மேல ஆசை இருந்தா சம்பளத்துல மிஞ்சுறதுல வருஷத்துக்கு ஒரு 300 வெள்ளி ஒதுக்கி, பாக்ஸ் வேணாம், உங்களுக்கு புடிச்ச ஒத்தக் கார்டா வாங்குங்க, வாங்குறதுக்கு முன்ன அதுல கிரேட் ஆன, அதாவது மார்க் வாங்குன, கார்டுங்க எத்தனன்னு பிஎஸ்ஏ பாப்புலேஷன் ரிப்போர்ட்ல பாருங்க, காசு கட்டத் தேவையில்ல. ஒரு கார்டுக்கு 10 கிரேட் மட்டுமே பல ஆயிரம் இருந்தா அத அரிய கார்டுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

சரி, பிஸ்கட் டின்னு. 2000 வாக்குல பள்ளிக்கூடத்துக்கு பக்கத்துல இருந்த கடைங்கள்ல சில்லறைக்கு வித்த கார்டுல நெறைய டூப்ளிகேட், அதனால மொத வேலை அது ஒரிஜினலான்னு பாக்குறது. கார்டோட ஓரத்த பக்கவாட்டுல வெளிச்சத்துல பாருங்க, ஒரிஜினல்ல ரெண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவுல மெல்லிசா ஒரு கருப்புக் கோடு ஓடும், பெரும்பாலான டூப்ளிகேட்ல அது இருக்காது. கிழிச்செல்லாம் பாக்க வேணாம். அப்புறம் மேல சொன்ன முத்திரையும் நிழலும் பாருங்க. துணியால தொடைக்காதீங்க, பென்சில் கோடு இருந்தாலும் அழிக்காதீங்க, ரப்பர் பேண்ட் போட்டிருந்தா இன்னிக்கே எடுங்க, அது ஓரத்துல தழும்பு போட்டிரும். ஒவ்வொன்னா சிலீவ்ல, அதான் பிளாஸ்டிக் உறையில, போட்டு, சிலிக்கா ஜெல் ரெண்டு பாக்கெட் வெச்சி மூடுங்க. முன் பக்கம் பின் பக்கம் போட்டோ எடுத்து, மச்சான் கிட்ட மட்டும் இல்ல, வேற ரெண்டு கடையிலயாவது விலை கேளுங்க, ஆன்லைன்ல கேக்குற விலையப் பாக்காம வித்து முடிஞ்ச விலையப் பாருங்க. எல்லாம் மொத்தமா இருநூறு வெள்ளிதான் வருதுன்னா பொண்ணு கையில கொடுத்திருங்க, விளையாடட்டும்.