வயதான ஷேல் கிணறுகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையில் தோண்டும் எண்ணெய்க் கிணற்றின் உற்பத்தி முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடுகிறது. அதற்கப்புறம் உள்ளே என்ன மிச்சம் இருக்கும்?

பதில்: பெரும்பகுதி மிச்சம்தான். நீரையும் மணலையும் அழுத்திச் செலுத்திப் பாறையில் நாம் உண்டாக்கிய விரிசலை ஒட்டியிருக்கும் எண்ணெய் சீக்கிரம் வந்துவிடும். தள்ளியிருப்பது நுண்ணிய துளைகள் வழியே ஊர்ந்து வரவேண்டும். சாதாரண வயல்களில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்க முடிகிறது. ஷேலில் பல இடங்களில் 10 சதவீதம்கூடத் தேறுவதில்லை. ஆகவே உற்பத்தி குறைந்ததுமே கிணறு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: பழைய கிணற்றைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பதில்: திரவ மட்டத்தை. கேசிங்குக்கும் (கிணற்றின் சுவராக நிற்கும் வெளிக்குழாய்) டியூபிங்குக்கும் (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) நடுவே இருக்கும் இடைவெளியில் வாயு அழுத்தத்தால் ஒரு ஒலியை வெடிக்கவிடுவோம். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் பட்டு சின்னச் சின்ன எதிரொலி வரும். ஒரு குழாய் சுமார் 30 அடி. இணைப்புகளை எண்ணிக்கொண்டே போனால், கடைசியில் பெரிதாக வரும் எதிரொலி எண்ணெய் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். பம்புக்கு மேலே நிறைய திரவம் நின்றும் உற்பத்தி குறைவு என்றால், பாறை கொடுக்கிறது, பம்புதான் தூக்கவில்லை. பம்பு தேய்ந்திருக்கலாம், வாயு புகுந்து அடைத்திருக்கலாம். மட்டம் பம்பு வரை இறங்கிவிட்டிருந்தால் வரத்தே குறைவு. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் கோடிக்கணக்கில் செலவழித்து ரீஃபிராக், அதாவது பழைய கிணற்றில் மறுபடி விரிசல் உண்டாக்கும் வேலை, செய்வதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

கேள்வி: வரத்து குறைவு என்றால் உடனே ரீஃபிராக்தானா?

பதில்: பொறுங்கள், அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுண்ணாம்புப் படிவம் அமிலத்தில் கரையும், பேரியம் சல்ஃபேட் கரையாது. மெழுகுக்குச் சூடான எண்ணெய். வடக்கு டகோட்டாவின் பேக்கன் கிணறுகளில் உப்பே படிந்து அடைக்கும், அங்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது வழக்கமான பராமரிப்பு.

கேள்வி: ஐயா, ரீஃபிராக்கில் சிலர் நிறைய எடுக்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் வருவதில்லை. ஏன்?

பதில்: கிணற்றைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, செய்யும் முறையில் பாதி. டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டில் ஆரம்ப காலத்தில் தோண்டிய கிணறுகளில் கேசிங்கில் பாறையை நோக்கிப் போட்ட துளைக்கூட்டங்கள் வெகு தள்ளித் தள்ளி இருக்கும், மணலும் குறைவாகவே போட்டிருப்பார்கள். நடுவே தொடாத பாறை நிறைய. ரீஃபிராக்குக்கு ஏற்ற கிணறுகள் அவைதான்.

முறை என்று வந்தால், பழைய துளைகளைத் திறந்தபடியே விட்டு மேலிருந்து நீரையும் மணலையும் தள்ளினால், ஏற்கனவே வடிந்து அழுத்தம் குறைந்த விரிசலுக்குள்தான் எல்லாம் ஓடும். அடைக்கும் பந்துகள் போட்டாலும் எது அடைபட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பழைய கேசிங்குக்குள் லைனர் என்ற சிறிய குழாயை இறக்கி, சிமென்ட் போட்டு, புதிதாகத் துளையிட்டுப் படிப்படியாகச் செய்வதே என் தேர்வு. செலவு கூடும், ஆனால் மணல் எங்கே போகிறது என்று நம் கையில் இருக்கும்.

கேள்வி: பக்கத்தில் புதுக் கிணறு தோண்டுகிறார்கள். பழையதற்கு ஆபத்தா?

பதில்: ஆபத்து இரண்டுக்குமே. பழையதைச் சுற்றி அழுத்தம் குறைந்திருப்பதால் புதுக் கிணற்றின் விரிசல் அந்தப் பக்கமே இழுபடும், பழைய கிணற்றில் நீரும் மணலும் புகும். முன்கூட்டியே பழையதை ரீஃபிராக் செய்தோ நீர் ஏற்றியோ அழுத்தத்தை உயர்த்துவது உண்டு.

கேள்வி: தண்ணீர் செலுத்தி எண்ணெயைத் தள்ள முடியாதா? வாயு என்கிறார்களே?

பதில்: தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் நுழையத் திணறும், விரிசல் வழியே நேராகப் பக்கத்துக் கிணற்றில் போய் எட்டிப் பார்க்கும். வாயுவுக்கு நம்பிக்கை அதிகம். அதே கிணற்றில் உயர் அழுத்தத்தில் வாயுவை ஏற்றி, சில நாள் ஊறவிட்டு, திரும்ப உற்பத்திக்குத் திறப்பார்கள். வாயு எண்ணெயில் கரைந்து அதை இளக்கி வீங்கவைக்கும். ஈகிள் ஃபோர்டில் இஓஜி என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் இதைச் செய்துவருவதை 2016-இல் வெளிப்படையாக அறிவித்தது. வயலிலேயே கிடைக்கும் வாயுவைப் பயன்படுத்தலாம். கம்ப்ரசர் செலவும், விரிசல் வழியே வாயு பக்கத்துக் கிணற்றுக்குக் கசிவதும்தான் தலைவலி. எனவே தனிக் கிணற்றில் செய்யாமல் ஒரு தொகுதியாகவே திட்டமிடுங்கள்.

கேள்வி: எப்போது கைவிட வேண்டும்?

பதில்: வரும் எண்ணெய் அன்றாடச் செலவுக்கும் உப்புநீரை அகற்றுவதற்கும் கட்டுப்படியாகாமல், கேசிங்கும் அரித்துப்போயிருந்தால். அப்போது சும்மா பூட்டி வைக்காமல் சிமென்ட் போட்டு முறையாக மூடுங்கள். மூடாத கிணறு மீத்தேனையும் உப்புநீரையும் கசியவிடும், அதைச் சுமப்பது அந்த நிலத்தில் வாழ்கிறவர்கள்.